நீர்ப்பள்ளி

(தேசூரில் மகாவீரர் ஜயந்தி விழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



கல்வி பற்றிச் சில சொற்கள் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். முப்பத்தோராண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்பதால் அவ்வாறு கேட்டிருப்பர். ஆயினும் நான் பேசப்போவது வகுப்பறையில் கற்பித்ததைப் பற்றியன்று. ஓய்வு பெற்றபின் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், முக்கால் மீட்டர் ஆழமுள்ள ஒரு சிமெண்டுத் தொட்டியில் நான் கற்றுக்கொண்டதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

என் பேரனை உங்களுள் பலர் கண்டதில்லை. அக்குறை உங்களுடையதன்று, எங்களுடையது. அவனுக்கு இப்போது ஒன்பது வயது. பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி போதாமற்போனதால் பெருமூளை வாதம் கண்டது. கால் தசைகள் இறுகி, நிற்க வைத்தால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு குழறும்; அறிவு குழறாது. ஆண்டுதோறும் ஆலயத் திருவிழாவுக்கு நாங்கள் வந்தோம். அவனை வீட்டில் ஒருவர் துணையுடன் விட்டு வந்தோம். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பள்ளியில் சேர்த்தோம். ஆனால் வாரத்தில் இரண்டு நாட்கள் தசைப்பயிற்சிக்காக வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. ஒரு கல்வியாண்டின் முடிவில் எண்ணிப் பார்த்தபோது எழுபது நாட்களுக்கு மேல் அவன் வகுப்பில் இல்லை. திரும்பிச் செல்லும் ஒவ்வொரு முறையும் பாடம் அவனை விட்டு நகர்ந்திருக்கும். "பயிற்சியா, படிப்பா, ஒன்றை முடிவு செய்யுங்கள்" என்று எங்களிடம் கூறப்பட்டது. கூறியவர் கொடியவரல்லர், நானே ஆசிரியையாக இருந்த காலத்தில் இன்னொரு தாயிடம் ஏறத்தாழ இதையே கூறியிருக்கிறேன். அந்தத் தாயின் முகம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

நீரில் பயிற்சி கொடுத்துப் பாருங்கள் என்று தசைப்பயிற்சியாளர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. இம்முறை புதியதன்று. ஜேம்ஸ் மெக்மில்லன் என்னும் பொறியாளர் 1949-ஆம் ஆண்டு லண்டனின் சவுத்கேட் பகுதியிலிருந்த ஹாலிவிக் பள்ளியில், உடல் ஊனமுற்ற சிறுமியருக்கு நீந்தக் கற்பிக்கத் தொடங்கினார். நீரின் இயக்க விதிகளை அறிந்தவர் அவர். மிதவைகளைக் கட்டிவிடாமல், ஒரு குழந்தைக்கு ஒருவர் என்று துணை நின்று, பாட்டும் விளையாட்டுமாகப் பத்துப் படிகளில் கற்பிக்கும் முறையை வகுத்தார். ஹாலிவிக் முறை என்று உலகின் பல நாடுகளில் இன்று வழங்குவது அதுவே. அதன் முதற்படி கைகால் அசைத்தலன்று. நீருக்கு மனத்தைப் பழக்குதலும் மூச்சை ஆளுதலும் ஆகும். பின்னொரு படியில், நீர் தன்னை அமிழ்த்துவதில்லை, மேலே உந்துகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது.

பயிற்சியாளர் எனக்குச் சொன்ன முதல் விதி: "தூக்காதீர்கள். உள்ளங்கையை அவன் முதுகுக்குக் கீழே வைத்திருங்கள், அது போதும்." அதைக் கேட்டதும் சிறு வயதில் பாடசாலையில் பயின்ற ஆறு திரவியங்கள் நினைவுக்கு வந்தன. தர்ம திரவியத்துக்கு நம் ஆசாரியர்கள் காட்டும் உவமை எது? மீனுக்கு நீர். நீர் மீனை உந்துவதில்லை, இழுப்பதுமில்லை. மீன் நகர விரும்பும்போது அதற்குத் துணையாக நிற்கிறது, அவ்வளவே. அறுபது வயது வரை அதை மனப்பாடமாகவே வைத்திருந்தேன். அன்று இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, கையை விறைப்பின்றி வைத்திருக்கப் படாத பாடு பட்டபோதுதான் அதன் பொருள் புலப்பட்டது.

தொட்டியை மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்தில் கட்டினோம். கட்டி முடிந்த அன்றே வீட்டில் எதிர்ப்பு எழுந்தது. என் மாமியாருக்கு எண்பத்தாறு வயது. வடிகட்டாத நீரை வாயில் வைத்தறியாதவர். வடிதுணியில் தங்கியதை எடுத்த கிணற்றிலேயே மீண்டும் சேர்க்கும் வழக்கத்தை இன்றளவும் கைவிடாதவர். அவர் கேட்டார்: "ஏம்மா, ஒரு பிள்ளை கால் அசைக்க இத்தனை தண்ணீரா? அதில் எத்தனை உயிர்? அதற்குமேல் மருந்துத் தூள் வேறு போடுகிறாயாமே?"

இக்கேள்வியைச் சிரித்துக் கடக்க நம் குடும்பங்களில் எவராலும் இயலாது. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது நம் கொள்கை. இல்லறத்தாரால் ஆரம்ப ஹிம்சையை முற்றும் விலக்க இயலாது. பயனின்றிச் செய்யும் ஹிம்சையை, அதாவது அனர்த்த தண்டத்தை, விலக்க இயலும், விலக்கவும் வேண்டும் என்று நூல்கள் கூறுகின்றன. ஆகவே மாமியாரிடம், "அத்தை, எவ்வளவு நீர் செலவாகிறது என்று நாள்தோறும் உங்களுக்குக் கணக்குக் காட்டுகிறோம். வீண் என்று உங்களுக்குத் தோன்றினால் நிறுத்திவிடுகிறோம்" என்றேன். கணக்கு எழுதும் பொறுப்பைப் பேரனிடம் கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது அந்தக் கணக்கில்தான். நான் திட்டமிட்டுத் தொடங்கவில்லை.

தொட்டியின் உட்சுவரில் ஓர் அளவுகோலைப் பதித்தோம். மூன்று மீட்டரை இரண்டால் பெருக்கி, முக்காலால் பெருக்கினால் நான்கரை கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1,000 லிட்டர் என்பதால் 4,500 லிட்டர். இதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் அவன் கொட்டாவி விட்டிருப்பான். ஆனால் கொள்ளுப்பாட்டிக்கு அன்று மாலையே விடை சொல்லியாக வேண்டும். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் எத்தனை லிட்டர் என்று மூன்று நாட்கள் போராடி அவனே கண்டான்: 60 லிட்டர். குளிக்காத நாளிலும் அரை சென்டிமீட்டர் குறைவதைக் கண்டபோது, "பாட்டி, யார் எடுத்தது?" என்று கேட்டான். அருகில் ஒரு வாளியில் நீர் வைத்து, அதிலும் குறைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதிலும் குறைந்தது. ஆவியாதல் என்னும் பாடம் அவனுக்கு அவ்வாறு வந்து சேர்ந்தது. தொட்டிக்கு மூடி போடலாம் என்ற யோசனையும் அவனுடையதே. மூடியபின் குறைவது அரிதாயிற்று. பழைய நீரை மாற்றும் நாளில், மருந்தின் காரம் போக இரண்டு நாட்கள் வெயிலில் திறந்து வைத்து, பிறகு வாழைக்குப் பாய்ச்சுகிறோம். மாமியார் நிறுத்தச் சொல்லவில்லை. மாலையில் சாமாயிகம் முடிந்ததும், "இன்றைக்கு எத்தனை லிட்டர்டா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அவன் சொல்லும் எண்ணைப் புரிந்துகொள்ள அவர் செவி பழகிவிட்டது. அவன் பேச்சைத் தெளிவாகப் புரிந்துகொள்ளும் இரண்டாமவர் இப்போது அவர்.

இன்னொரு நாள் நடந்ததை விரிவாகவே சொல்ல வேண்டும். நீரில் நின்றால் உடலின் எடை குறைவதுபோல் தோன்றும் என்பதை நாம் அறிவோம். எவ்வளவு குறைகிறது? இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் தாங்குவது அவர் எடையில் ஏறத்தாழப் பாதி. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். பயிற்சியாளர் இதை விளக்கியபோது பேரன் கேட்டான்: "அரை வரைக்கும் தண்ணீர் இருந்தால் அரை எடையா?" நான் திகைத்துப்போனேன். இடையை நாம் அரை என்கிறோம், அரைஞாண் கட்டுகிறோம். பாதியையும் அரை என்கிறோம். உடலின் பாதியில் இருப்பதால் அது அரை. பின்னங்களை முப்பதாண்டுகள் கற்பித்தேன். இவ்விரண்டு அரையையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவன் எடை இருபது கிலோ. அரையளவு நீரில் பத்துக் கிலோ. தரையில் இருபது கிலோவைத் தாங்க மறுக்கும் கால்கள், பத்துக் கிலோவைச் சில நொடிகள் தாங்கின. அந்நொடிகளை அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணினான். அன்று பதினொன்று வரை எண்ணினான். அரை, கால், அரைக்கால், மாகாணி என்னும் பழைய பின்ன வாய்பாட்டை அதன்பின் அவனே கேட்டுக் கற்றான்.

தமிழ்ப்பாடம் மூச்சிலிருந்து வந்தது. நீருக்குள் வாயை வைத்துக் குமிழி விடுவது பயிற்சியின் முதற்படி என்றேனல்லவா? குமிழி விட இதழைக் குவிக்க வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய எழுத்துகள் இதழ் குவிவதால் பிறக்கின்றன என்று நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்திருக்கிறார். மேலிதழும் கீழிதழும் பொருந்தப் பிறப்பவை பகரமும் மகரமும். குமிழி விட்டு நிமிர்ந்தவுடன் ஊ என்பான். வாயை மூடித் திறந்து பூ என்பான். ஊர், பூ, மூடு, ஓடு என்று சொற்கள் நீண்டன. பேச்சு முழுதும் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில சொற்கள் தெளிந்தன. இலக்கணத்தை எழுத்துத் தேர்வுக்குரியதாகவே கருதியிருந்த நான், ஒரு சமண முனிவர் வாயும் நாவும் இதழும் தொழிற்படுவதை எத்துணைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார் என்பதை அந்தத் தொட்டியில்தான் உணர்ந்தேன்.

நனைதல், தோய்தல், மிதத்தல், அமிழ்தல், மூழ்குதல், துழாவுதல், தத்தளித்தல். இவ்வினைகள் ஒவ்வொன்றையும் அவன் செய்து காட்டியே பொருள் அறிந்தான். தொட்டியில் இறங்கும் படிக்கட்டைத் துறை என்று நான் சொல்ல, துறை என்றால் என்ன என்று கேட்டான். ஆற்றில் இறங்கவும் கடக்கவும் அமைத்த இடம் என்றேன். வடமொழியில் தீர்த்தம் என்பதற்கும் அதுவே பொருள், அதை அமைத்தவர் தீர்த்தங்கரர் என்றும் சொன்னேன். இருபத்துநான்கு பெயர்களையும் அவன் முன்பே அறிவான். பொதுப்பெயரின் பொருளை அன்று அறிந்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறேன். நம் வட்டாரத்தில் பட்டுத்தறி இல்லாத தெரு அரிது. பட்டுப்புழுவை எண்ணிப் பட்டு உடுத்தாதவர்களும் நம்முள் உண்டு. எனினும் அண்டை வீட்டு நெசவாளர் கொடுத்த கழிவு நூலைப் பேரன் நீரில் இட்டுப் பார்த்தான். முதலில் மிதந்தது, நனைந்ததும் மெல்ல அமிழ்ந்தது. இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறியதே காரணம். மார்கழியில் நீர் குளிர்ந்தபோது ஓர் அண்டா வெந்நீரை ஊற்றினோம். 50 லிட்டர் கொதிநீரை 4,500 லிட்டரில் கலந்தும் வெப்பமானி ஒரு பாகைக்கும் குறைவாகவே ஏறியது. ஏன் என்று அவன் இரண்டு நாட்கள் யோசித்தான். (மார்கழியிலும் தை முற்பகுதியிலும் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம். தசை நெகிழ நீர் ஏறத்தாழ உடல் வெப்பத்தை ஒட்டி, 33 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.) தொட்டியின் வடிகுழாய்க்கு மதகு என்றும், மேல்விளிம்பு வழிவுக்குக் கலங்கல் என்றும் பெயரிட்டு, ஏரிப் பாசனத்தையும், ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலப்பதையும் தோட்டத்து மண்ணில் வரைந்தோம். சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறதல்லவா? மீனும் அன்னமும் யானையும், தாமரை பறிப்போரும் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். அதன் படத்தைக் காட்டினேன். "இவர்களுக்குத் தண்ணீர் எதுவரை இருக்கிறது?" என்பதே அவன் முதற்கேள்வி. ஓவிய ஆராய்ச்சியாளர் எவரும் அதைக் கேட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜியா ராய் என்னும் மும்பைச் சிறுமியைப் பற்றியும் அவனுக்குச் சொன்னேன். ஆட்டிசம் உடையவள். சிகிச்சையாகத் தொடங்கிய நீச்சலில் வளர்ந்து, 2022 மார்ச்சில், பதின்மூன்றாம் வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை நீந்திக் கடந்தாள். 29 கிலோமீட்டர், 13 மணி 10 நிமிடம். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்த்துவிட்டு, "நாம் நடப்பதைவிட மெதுவாகத்தான் போயிருக்கிறாள்" என்றான். ஆம், மணிக்கு இரண்டேகால் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மெதுவாகப் போவதை அவன் அவ்வளவு மகிழ்ச்சியோடு சொன்னதை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

இதுவரை கேட்டவர்களுக்கு எல்லாம் இனிதே நடந்ததாகத் தோன்றலாம். நடுவே நான் ஒரு பெரும் பிழை செய்தேன். கணக்கும் அறிவியலும் இப்படிக் கூடிவருவதைக் கண்டதும் எனக்குள்ளிருந்த பழைய ஆசிரியை விழித்துக்கொண்டாள். ஓர் அட்டவணை தயாரித்தேன். திங்கள் கணக்கு, புதன் தமிழ், வெள்ளி அறிவியல். நீரில் இறங்குமுன் கேள்வி, ஏறியபின் கேள்வி. மூன்றாம் வாரத்தில் அவன் தொட்டிக்கு வர மறுத்தான். தசை மறுபடியும் இறுகியது. பயிற்சியாளர் காரணம் கேட்டபோது நான் தலை குனிந்து நின்றேன். அன்றிரவு அவன் என்னிடம் குழறிச் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்: "பாட்டி, நாளைக்குச் சும்மா தண்ணீரில் இருக்கலாமா?"

அட்டவணையைக் கிழித்தேன். அன்றுமுதல் கேள்வி அவனிடமிருந்து வந்தால்தான் பாடம். வராத நாளில் வெறும் நீர். வந்த கேள்வியையும், அது எந்தப் பாடத்தின் எந்த அலகோடு சேரும் என்பதையும் நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் காட்டுகிறேன். அவர் முதலில் தயங்கினார். இப்போது அந்த அலகுகளை மீண்டும் நடத்தாமல் நேராகக் கேள்வி கேட்டுப் பார்க்கிறார். விடுபட்ட நாட்கள் பதிவேட்டில் இன்றும் விடுபட்டவையே. பாடம் விடுபடவில்லை.

இனி நம்மவரிடையே மட்டும் பேசவேண்டிய ஒன்று. இப்படியொரு குழந்தையைக் கண்டால் நம் வாயில் முதலில் வரும் சொல் "பூர்வ வினை". என் உறவினர்கள் கூறினர். நானும் தனிமையில் கூறிக்கொண்டேன். வினைக் கொள்கையை மறுக்க நான் இங்கே நிற்கவில்லை. ஆனால் அக்கொள்கையை முழுவதும் படிப்போமாக. உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில், ஞானாவரணீய வினை நம்மிடம் எவ்வழிகளில் வந்து சேரும் என்று கூறப்பட்டுள்ளது. அறிவின்பால் வெறுப்புக் கொள்ளுதல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கற்பிக்க மறுத்தல், கற்பவருக்கு இடையூறு செய்தல் முதலியன அவை. ஒரு குழந்தையின் கால் இறுகியது எவ்வினையால் என்று நம்மால் காண இயலாது. அக்குழந்தைக்குக் கல்வியை மறுக்கும்போது நாம் கட்டிக்கொள்ளும் வினை எது என்பது ஏட்டில் தெளிவாக உள்ளது. ஔடத தானமும் சாத்திர தானமும் நமக்கு விதிக்கப்பட்ட நான்கு தானங்களுள் இரண்டு. இக்குழந்தைகளுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை நிறுத்தச் சொல்ல எந்நூலிலும் இடமில்லை. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு ஊனமுள்ள குழந்தைகளுக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம் போன்ற நிறுவனங்கள் பயிற்சியையும் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் நடத்திவருகின்றன. நம் வட்டாரத்துக் குடும்பங்கள் அவ்வளவு தொலைவு செல்ல இயலாவிடினும், வழி உண்டு என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். மருத்துவரின் ஒப்புதலின்றி எக்குழந்தையையும் நீரில் இறக்கலாகாது. வலிப்பு வரும் குழந்தை, காய்ச்சல், ஆறாத புண், காதில் சீழ் உள்ள குழந்தை ஆகியோர் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் எப்போதும் நீரிலேயே நிற்க வேண்டும். கரையில் நின்றால் போதாது. பயிற்சி முடிந்ததும் தொட்டியை மூடிப் பூட்ட வேண்டும். நீர் எல்லாவற்றையும் குணமாக்கிவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். என் பேரன் நடக்கிறானா என்று கேட்பீர்கள். இல்லை. அரையளவு நீரில் பிடிமானமின்றி நாற்பது எண்ணும்வரை நிற்கிறான்.

இன்று அவன் இங்கே வந்திருக்கிறான். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில், தன் கொள்ளுப்பாட்டியின் அருகே அமர்ந்திருப்பவன் அவனே. இவ்வுரையை முன்பே படித்துக் காட்டி அவனிடம் ஒப்புதல் பெற்றுவிட்டேன். நாற்பது அல்ல, நாற்பத்திரண்டு என்று ஒரு திருத்தம் சொன்னான்.

நம் குடும்பங்களில் இத்தகைய குழந்தைகள் வேறு சிலரும் உண்டு என்பதை நான் அறிவேன், பெயர் சொல்லமாட்டேன். எங்கள் தொட்டி இருவருக்குப் போதுமான இடமுடையது. சனி, ஞாயிறுகளில் பிற்பகல் மூன்று மணிக்கு நீர் வெதுவெதுப்பாக இருக்கும். நான்கு மணிக்கு முடித்துவிட்டால் சூரியன் மறையுமுன் உணவும் ஆகிவிடும். நீரிலிருந்து ஏறும் குழந்தைக்குப் பசி மிகும். உணவு எங்கள் வீட்டில். மருத்துவரின் சீட்டும் ஒரு துண்டும் மட்டும் கொண்டு வாருங்கள்.